மெல்லச் செரிக்கும் உணவும் இரத்தச் சர்க்கரையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியச் சொற்பொழிவும் இன்னிசையும் நிறைந்த இவ்விழாவில் சோற்றைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கின்றனர். நாம் மருத்துவம் பயின்றவர் அல்லோம். பள்ளி இறுதி வகுப்புத் தேறி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடும் கணக்கேடுகளோடும் காலங்கழிக்கும் எழுத்தர். ஆயினும் இப்பொருளைப் பற்றிப் படிக்கவும், அறிந்தோரைக் கேட்டுத் தெளியவும் நமக்குக் காரணம் இருந்தது. நம் குடியிருப்பில் மாலை வேளையில் கூடிப் பேசும் நண்பர்கள் எண்மருள் மூவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர்கள். அவருள் ஒருவர் காலில் எழுந்த சிறு கொப்புளத்தைப் பொருட்படுத்தாது விட்டதனால் சென்ற ஆண்டு இரண்டு விரல்களை இழந்தார். நாற்பத்தாறு வயது, பள்ளியில் பயிலும் இரண்டு பெண்களின் தந்தை. இனியும் இது பிறர் வீட்டுச் செய்தி என்று நாம் இருத்தல் தகாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடியே 10 லட்சம் பேர் என மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு ஏறத்தாழ 14 பேர். நாம் வந்து குடியேறிய இக்கேரள நாட்டிலோ 100-க்கு 25 பேருக்கு மேல். நால்வர் அமர்ந்துண்ணும் பந்தியில் ஒருவர் என்று கொள்ளலாம்.

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

கணக்கெழுதுவோர்க்குக் கணக்கே முதலில் விளங்கும். ஆதலின் அதிலிருந்தே தொடங்குவோம். உடல்நலமுடைய ஒருவர்க்கு வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 70 முதல் 100 மில்லிகிராம் வரை குளுக்கோஸ் இருக்கும். உடம்பில் உள்ள இரத்தம் சுமார் 5 லிட்டர். பெருக்கிப் பார்த்தால், நம் இரத்தம் முழுவதிலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்க்கரை ஒரு தேக்கரண்டி அளவே, அதாவது 5 கிராமே ஆகும். ஒரு சிறு கிண்ணம் சோற்றிலோ சுமார் 40 கிராம் மாச்சத்து உள்ளது. நாம் உண்பது ஒரு கிண்ணமன்று. குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை எனச் சோறு மும்முறை இலைக்கு வருகிறது. ஒரு தேக்கரண்டி நிற்கும் இடத்தில் இருபது தேக்கரண்டிக்கு மேல் வந்து இறங்குகிறது. அது ஒரு மணி நேரத்தில் வந்து இறங்குகிறதா, நான்கு மணி நேரத்தில் வந்து இறங்குகிறதா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மாச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட சங்கிலி. நேரே நீளும் சங்கிலிக்கு அமைலோஸ் என்றும், மரம்போற் கிளைவிடும் சங்கிலிக்கு அமைலோபெக்டின் என்றும் பெயர். கிளை மிகுந்ததைச் செரிமான நொதிகள் பல முனைகளிலும் ஒரே நேரத்தில் கடித்து எளிதில் உடைத்துவிடும். நெருங்கிப் படிந்த நேர்ச்சங்கிலி உடையப் பொழுதாகும். அமைலோஸ் மிகுந்த அரிசிச் சோறு உதிரியாக நிற்பதும், அது குறைந்த அரிசி குழைந்து ஒட்டுவதும் இதனாலேயே.

செரிமானம் வாயிலேயே தொடங்குகிறது. உமிழ்நீரில் உள்ள நொதி மாச்சத்தை அறுக்கத் தொடங்கும். இரைப்பையின் அமிலத்தில் அவ்வேலை தடைப்படும். பின்னர் உணவு சிறுகச் சிறுகச் சிறுகுடலுக்குள் இறங்கும்போது, கணையத்தின் நொதி அதனைச் சிறு துண்டுகளாக்கும். குடலின் சுவரில் உள்ள வேறு நொதிகள் இறுதியாக அதைக் குளுக்கோஸாக்கி இரத்தத்திற்குள் அனுப்பும்.

இதனை நம் தம்பானூர் நிலையத்தைக் கொண்டு விளக்கலாம். ஆயிரம் பயணிகளைச் சுமந்து ஒரு விரைவு வண்டி வந்து நிற்கிறது. அனைவரும் ஒரே நொடியில் இறங்கி ஒரே வாயிலை நோக்கி ஓடுகின்றனர். வாயிலில் இருப்பவரோ இருவர். நடைமேடை நெரிபடுகிறது. அதே ஆயிரம் பேர் நான்கு பாசஞ்சர் வண்டிகளில் மணிக்கொரு முறை வந்தால், அந்த இருவரே அமைதியாக அனைவரையும் வெளியே அனுப்பிவிடுவர். பயணிகளே குளுக்கோஸ், நடைமேடையே இரத்தம், வாயில் திறப்பவரே கணையம் சுரக்கும் இன்சுலின். தீட்டிய அரிசியும், மைதாவும், சர்க்கரை கலந்த பானமும் விரைவு வண்டிகள். பயறும், கடலையும், தவிடு நீங்காத தானியமும் பாசஞ்சர் வண்டிகள்.

நாள்தோறும் மும்முறை, ஆண்டுக்கணக்கில் இந்நெரிசல் நேருமாயின், கணையம் மிகுதியாக இன்சுலினைச் சுரந்து சுரந்து ஓய்கிறது. தசைகளும் அவ்வின்சுலினுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. நாற்காலியை விட்டு எழாத உத்தியோகமும், வயிற்றைச் சுற்றிய கொழுப்பும், பரம்பரையும் உடன் சேரும்போது நோய் முற்றுப்பெறுகிறது.

மெல்லச் செரிக்கும் உணவுக்கு வேறு இரு நன்மைகளும் உண்டு. விரைந்து செரிப்பது சிறுகுடலின் மேற்பகுதியிலேயே தீர்ந்துவிடும். மெல்லச் செரிப்பது கீழ்ப்பகுதிவரை செல்லும். அங்குள்ள உயிரணுக்கள் ஒருவகைச் சுரப்பை இரத்தத்தில் விடுக்கும். ஜி.எல்.பி.-1 என்னும் அது இரைப்பை காலியாவதைத் தாமதிக்கும், இன்சுலினைத் தூண்டும், பசி அடங்கிற்று என்று மூளைக்கு உரைக்கும். காலையில் பயறு உண்டவர்க்குப் பதினொரு மணிக்குத் தேநீர்க் கடை நினைவு வாராமைக்கு இது ஒரு காரணம். இரண்டாவதாக, சிறுகுடலில் செரியாது எஞ்சியது பெருங்குடலை அடையும். ஆண்டு வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து சிறு கொழுப்பமிலங்களாக்கும். அவை குடற்சுவருக்கே உணவாகும். மலச்சிக்கலும் தணியும்.

வேகத்தை அளந்த வரலாறு

இன்சுலினை 1921-இல் கானடா நாட்டு டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பான்டிங், பெஸ்ட் முதலியோர் கண்டனர். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய துணைவர்களும் 1981-இல் உணவின் வேகத்தை அளக்கும் குறியீடு ஒன்றை வெளியிட்டனர். 50 கிராம் மாச்சத்துள்ள உணவை ஒருவர்க்கு அளித்து, இரண்டு மணி நேரம் அவர் இரத்தச் சர்க்கரையின் ஏற்றத்தை அளந்து, தூய குளுக்கோஸை 100 எனக் கொண்டு ஒப்பிடுவதே அம்முறை. 55-ம் அதற்குக் கீழும் மெதுவானவை. 70-ம் அதற்கு மேலும் வேகமானவை.

இதில் நம்மவர் எங்கே நிற்கின்றனர்? 1954-இல் டாக்டர் எம். விசுவநாதன் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே மருத்துவமனை நிறுவிய காலந்தொட்டு, இத்துறையில் சென்னை முன்னின்று உழைத்து வருகிறது. அந்நகரத்து நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நாம் விரும்பி வாங்கும் அரிசிகளை அளந்து 2012-இல் முடிவை வெளியிட்டனர். பொன்னி 70, சோனா மசூரி 72, சுர்த்தி கோலம் 77. வெள்ளைச் சர்க்கரையின் அளவே ஏறக்குறைய 65 தான்! சோற்றைவிடச் சர்க்கரை நல்லது என்பது இதன் பொருளன்று. சர்க்கரையில் பாதி வேறு வகைப் பொருளாதலின் குறியீடு தாழ்ந்து நிற்கிறது. அதன் தீமை தாழவில்லை. இனிக்காதது எல்லாம் சர்க்கரையன்று என்னும் நம் நம்பிக்கைதான் இங்கே தகர்கிறது.

அந்நிறுவனத்தாரே உடற்பருமனுள்ளவர்களுக்கு ஐந்து நாள் வெள்ளரிசியும், வேறு ஐந்து நாள் தவிடு நீக்காத அரிசியும் அளித்துத் தொடர்ந்து சர்க்கரையை அளந்தனர். 2014-இல் வெளியான அவ்வாய்வில், தவிட்டரிசி உண்டபோது சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அதனோடு பருப்பு வகையும் சேர்ந்தபோது 23 விழுக்காடு குறைந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு கூடி, ஆடுதுறை 43 என்னும் நெல்லிலிருந்து நார் மிகுந்த வெள்ளரிசி ஒன்றையும் உருவாக்கினர். சாதாரண வெள்ளரிசி 79 காட்டிய இடத்தில் அது 61 காட்டிற்று. தவிட்டரிசியைத் தொடமாட்டேன் என்போர் பொருட்டு எடுத்த முயற்சி அது.

சாலைக் கடைத்தெருவும் நம் அடுக்களையும்

திருநெல்வேலியிலிருந்தும், நாகர்கோவிலிலிருந்தும், மதுரையிலிருந்தும் வந்த நாம் ஊர்ப்பற்றை அரிசி மூட்டையிலும் காட்டுகிறோம். சாலைக் கடைத்தெருவில் குத்தரிசி குவிந்து கிடக்க, அதனைக் ‘கொட்டை அரிசி’ என்று ஒதுக்கி, மல்லிகை போன்ற மெல்லரிசியைத் தேடுகிறோம். நம் பாட்டிமார் உண்டதோ அவ்வாறு தீட்டிய அரிசியன்று. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, உரலில் குத்திய புழுங்கல் அரிசி. அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது. மாச்சத்தும் வெந்து, உலரும்போது இறுகிக்கொள்கிறது. ஆகையால் புழுங்கல் பச்சரிசியினும் சற்று மெல்லச் செரிக்கும். ஆனால் ஆலையில் மீண்டும் மீண்டும் தீட்டி வெண்மையாக்கிவிட்டால் அந்த நன்மையின் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும். செந்நிறமும் அப்படியே, நிறம் இருப்பது மேல்தோலில். தீட்டிய சிவப்பரிசிக்குப் பெயர் மட்டுமே எஞ்சும்.

நம் மலையாளச் சகோதரர் வீடுகளில் மாலையில் உண்ணும் கஞ்சியும் பயறும் எளியோர் உணவென்று நாம் கருதலாம். அறிவியல் அதனை மிக உயர்வாகவே கருதும். பயற்றின் மாச்சத்து தடித்த உயிரணுச் சுவருக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. அதன் புரதமும் நாரும் உடன் உண்ட அரிசியையும் தாமதப்படுத்துகின்றன. புட்டுக்குக் கடலைக் கறி துணையாவதும் இத்தகையதே. புட்டோடு வாழைப்பழமும் சர்க்கரையும் பிசைந்து உண்பவரைவிட, புட்டைக் குறைத்துக் கடலையைக் கூட்டி உண்பவர் நலமடைவர்.

மரச்சீனிக் கிழங்கையும் இங்கே மறத்தலாகாது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதனைத் திருவிதாங்கூரில் பரப்பினார். 1942-இல் பர்மா அரிசி நின்றுபோனபோது இந்நாட்டைக் காத்தது அக்கிழங்கே. வயலில் உழைத்தவர்க்கு அது உணவு. விசிறியின் கீழ் அமர்ந்தவர்க்கு அளவோடு, மீன் குழம்போ பயறோ துணையாக. நம் நகரின் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார், கிழங்கு மாவோடு நாரும் புரதமும் சேர்த்து மெல்லச் செரிக்கும் பண்டங்களை ஆக்கும் முயற்சியிலும் ஈடுபட்டுள்ளனர்.

பழஞ்சோற்றைப் பற்றியும் ஒரு சொல். வெந்து குளிர்ந்த சோற்றில் மாச்சத்தின் ஒரு பகுதி மீண்டும் இறுகி, நொதிகளுக்கு எளிதில் வசப்படாததாகிவிடும். மீளச் சுடவைத்தாலும் அதில் ஓரளவு நிலைக்கும். இது சிறு நன்மையே. பானை நிறைய உண்பதற்கு உரிமைச் சீட்டன்று. வெளியில் நெடுநேரம் வைத்துக் கெட்ட சோற்றை உண்டு நோய் தேடுதலும் கூடாது.

அரைத்தலும் குழைத்தலும் உணவை விரைவுபடுத்தும் என்பதை நினைவில் வையுங்கள். கேழ்வரகு நல்லதென்று கேட்டு, அதனை மாவாக்கி, நீர்க்கக் காய்ச்சி, மூன்று குவளை குடிப்பவர் எண்ணிய பயனைப் பெறார். தானியம் முழுமையாக இருக்குந்தோறும் செரிமானம் மெதுவாகும். சோற்றை வெறுத்து மைதாப் பரோட்டாவைத் தழுவுவோரைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல வேண்டுவதில்லை. குறியீடு குறைந்ததெல்லாம் நன்மை என்று கொள்வதும் பிழை. ஐஸ்கிரீமிலும் எண்ணெயில் பொரித்த வறுவலிலும் கொழுப்பு மிகுதியாதலின் சர்க்கரை மெல்ல ஏறும். அதனால் அவை மருந்தாகிவிடா.

செய்யத்தக்கவை

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று தலைப்பிட்ட அதிகாரத்தில் பாதிக்கு மேல் உண்ணும் முறையையே பேசியிருக்கிறார். அந்த நெறியிலே நின்று சிலவற்றை விண்ணப்பிக்கிறோம்.

முதலாவது, இலையின் வரிசையை மாற்றுங்கள். பொரியல், கூட்டு, பயறு, முட்டை அல்லது மீன் ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால், அதே உணவிலேயே சர்க்கரையின் ஏற்றம் குறைகிறது. இதற்குக் காசு செலவில்லை.

இரண்டாவது, சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அவ்விடத்தில் ஒரு கரண்டிப் பயறு. வேகம் குறைந்தாலும் அளவு மிகுந்தால் சுமை சுமையே.

மூன்றாவது, உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடை. நடக்கும் கால்கள் இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும்.

நான்காவது, மாற்றத்தை மெல்லச் செய்யுங்கள். திடீரென்று பயற்றைக் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் குடல் பழகிக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் உணவைத் தலைகீழாக மாற்றலாகாது. சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, தலை சுழலும் வேளையில் மெல்லச் செரிக்கும் உணவு உதவாது. அப்பொழுது விரைவு வண்டியே வேண்டும். உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கலந்து கொடுத்துக் கால் மணி கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, மருத்துவமனைக்கு விரைக. அகார்போஸ், வோக்லிபோஸ் முதலிய மாத்திரைகள் குடற்சுவர் நொதிகளைத் தடுத்தே வேலை செய்கின்றன. அவற்றை உண்பவர்க்குச் சாதாரணச் சர்க்கரை விரைந்து பயன் தாராது. குளுக்கோஸ் தூளே கொடுத்தல் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொட்டலம் இருக்கட்டும்.

கடைசியில் உண்பவர்

இனி, இவ்வுரையில் நாம் முதன்மையாகக் கருதும் செய்தி. நம் வீடுகளில் கணவரும் பிள்ளைகளும் உண்டபின் தாய் அமர்கிறார். அப்பொழுது பொரியல் சட்டி வழித்தாகிவிட்டது, கூட்டும் தீர்ந்தது. பானையில் சோறும், சிறிது ரசமும், ஊறுகாயுமே மீதி. வீணாகக் கூடாதென்று அதனை முழுதும் உண்டு, பாத்திரம் துலக்கிப் படுக்கிறார். நீரிழிவை வரவழைக்க இதனினும் ஏற்ற உணவு முறையை வகுத்தல் அரிது. தனக்குக் கணவர் பொருட்டுத் தனிக் கஞ்சி காய்ச்சத் தெரியும். தன் இரத்தத்தைச் சோதிக்கத் தெரியாது. நாம் அவரைச் சோதனைக்கு அழைத்துச் செல்வதில்லை. மெல்லச் செரிக்கும் உணவைப் பற்றி எவ்வளவு கற்றாலும், கறி தீர்ந்தபின் உண்பவர்க்கு அக்கல்வி பயன்படாது. ஆகவே, கறியையும் பயற்றையும் உண்பவர் எண்ணிக்கைப்படி முதலிலேயே பங்கிட்டு வையுங்கள். கூடுமானால் உடனமர்ந்து உண்ணுங்கள்.

ஒருவர் இலைக்கு மட்டும் பத்தியச் சமையல் என்பதும் நெடுநாள் நிலைப்பதில்லை. நம் அண்டைய நெய்யாற்றின்கரை வட்டத்தில், 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், நோய் வரும் வாய்ப்புள்ள 1007 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு அவ்வூர் மக்களே வழிகாட்டிகளாகி உணவையும் உழைப்பையும் சீர்ப்படுத்தக் கூட்டங்கள் நடத்தினர். 2018-இல் முடிவு வெளியாயிற்று. இரண்டாண்டில் நோயடைந்தோர் அக்குழுவில் 100-க்கு 15 பேர். மற்றதில் 17 பேர். இவ்வேறுபாடு உறுதியாகச் சொல்லத்தக்க அளவினதன்று என ஆய்வாளரே ஒப்புக்கொண்டனர். ஆயினும் காய்கனி உண்பது கூடிற்று, மதுப்பழக்கம் குறைந்தது, நோய் வரும் வாய்ப்பைக் காட்டும் மதிப்பெண்ணும் இறங்கிற்று. பழக்கம் மாறுவது எளிதன்று என்பதையும், அண்டை வீட்டார் கூடினால் மாறத் தொடங்கும் என்பதையும் இதனால் அறிகிறோம்.

இச்சங்கம் அண்டை வீட்டார் கூடும் இடமே அன்றோ! ஆகவே செயற்குழுவினருக்கு இரண்டு விண்ணப்பங்கள். ஆண்டுக்கு இருமுறை நம் குடியிருப்பில் இரத்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்க. அதில் தாய்மார்களின் பெயரை முதலில் பதிக. அடுத்த ஆண்டு விழா விருந்தில் தீட்டாத அரிசிச் சோறும், பயற்றுக் கூட்டும், இரண்டு காய்கறியும் முதலில் பரிமாறப்படுக. பாயசம் இருக்கட்டும், அரைக் குவளை இருக்கட்டும்.

சோறு நம் பகையன்று. அது நம் பண்பாடு. அதன் வேகத்தைத் தணித்து, அளவைக் குறைத்து, துணையைக் கூட்டி, எல்லோரும் உடனமர்ந்து உண்போமாக.